பன்னிரண்டு கோடுகளும் பீனிக்ஸ் வெயிலும்: வாகன பேட்டரிகளின் ஆயுளும் நம்பகமும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நிசான் லீஃப் மின்காரின் டாஷ்போர்டில், எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று காட்டும் கோடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை குட்டிக் கோடுகள் உண்டு. மொத்தம் 12. சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் இவை அசையாது. பேட்டரியின் உடல்நிலையைச் சொல்வதற்காக இருப்பவை இவை. புதுக் காரில் பன்னிரண்டும் எரியும். பேட்டரிக்கு வயதாக ஆக, மேலிருந்து ஒவ்வொன்றாக அணையும். முதல் கோடு அணைந்தால் கொள்ளளவில் 15 விழுக்காடு போய்விட்டது என்று பொருள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் 6 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல்.

2012 கோடையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் நகரில், இந்தக் கோடுகள் அணைய ஆரம்பித்தன. லீஃப் அங்கே விற்பனைக்கு வந்ததே 2010 டிசம்பரில்தான். கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆவதற்குள் சிலருக்கு ஒரு கோடு, சிலருக்கு இரண்டு, மூன்று கோடுகள் போய்விட்டன. அதே கார் சியாட்டில் போன்ற குளிர்ந்த ஊர்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து இப்படிப் புகார் எழவில்லை.

வாகன பேட்டரிகளை ஒப்பிட நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். விளம்பரத் தாளில் எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரியாகவே இருக்கும். எட்டு வருடம், பத்து வருடம் என்று அச்சடிப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. வெயிலில் நிறுத்தி இரண்டு கோடை கழிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைப் பீனிக்ஸ் காட்டியது.

உள்ளே போவதற்கு முன், இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்பது ஒன்று. நாளைக் காலையில் நடுத்தெருவில் விட்டுவிடுமா, ராத்திரி வீட்டுக்குள் சார்ஜ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா என்பது இன்னொன்று. கடையில் "பேட்டரி சூப்பரா இருக்கும் சார்" என்று சொல்லும்போது இரண்டையும் ஒரே பதிலில் அடக்கிவிடுகிறார்கள். இரண்டுக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

பெட்டிக்குள் என்ன இருந்தது

முதல் தலைமுறை லீஃபின் பேட்டரி 24 கிலோவாட் மணி. நம் மின்கட்டண அட்டையின் கணக்கில் 24 யூனிட். பை வடிவத்தில் 192 செல்கள், நான்கு நான்காகச் சேர்த்து 48 மாட்யூல்கள். மொத்த எடை 300 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சீட்டுக்கு அடியில், தரையை ஒட்டிய பெட்டியில் கிடக்கும். செல்களைச் செய்தது நிசானும் என்.இ.சி. என்ற மின்னணு நிறுவனமும் சேர்ந்து 2007இல் தொடங்கிய ஏஇஎஸ்சி என்ற நிறுவனம். நேர்முனையில் இருந்தது பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடு. மாங்கனீசு மலிவானது, கேட்டவுடன் வேகமாக மின்சாரம் தரும், கோபால்ட் ஆக்சைடு அளவுக்குத் தீயை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. குடும்பக் காருக்குத் தப்பான தேர்வு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டார்கள். உள்ளே ஃபேன் கிடையாது, கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவம் ஓடும் குழாய் கிடையாது. கார் ஓடும்போது அடியில் அடிக்கிற காற்று பெட்டியைத் தடவிக்கொண்டு போகும், அவ்வளவுதான் குளிர்விப்பு. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பம்ப் இல்லையென்றால் பம்ப் பழுதாகாது. குழாய் இல்லையென்றால் ஒழுகாது. எடை குறையும், விலை குறையும், இடமும் மிச்சம். இந்த வாதத்தின் மதிப்பு பின்னால் தெரியவரும். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. குளிர்ப் பிரதேசத்துக்காக பேட்டரிக்கு ஹீட்டர் வைத்துக் கொடுத்தார்கள். வெயில் ஊருக்கு ஒரு ஃபேன் வைக்கத்தான் மனம் வரவில்லை.

பீனிக்ஸில் ஜூலை மாதச் சராசரி உச்ச வெப்பம் 41 டிகிரி. 38 டிகிரியை எட்டும் நாட்கள் வருடத்தில் நூறுக்கு மேல். வேலூரை வெயிலூர் என்று கேலி செய்கிறோமே, அந்த வெயிலூரின் மே மாதத்தை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டிப் பாருங்கள், பீனிக்ஸ் வந்துவிடும். வெயிலில் கிடக்கும் தார் 60 டிகிரியைத் தாண்டும். ஜூலை இரவிலும் பாதரசம் 28, 29க்குக் கீழே அவ்வளவாக இறங்காது. 300 கிலோ பெட்டி மெதுவாகத்தான் சூடேறும். ஆனால் ஏறிய சூடு இறங்கவும் அதே அளவு நேரம் எடுக்கும். இறங்கி முடிப்பதற்குள் விடிந்துவிடும். சீட்டுக்கு அடியில் பேட்டரி மாதக்கணக்கில் மிதமான காய்ச்சலிலேயே கிடந்தது.

சும்மா நின்றாலும் வயதாகும்

லித்தியம் அயான் செல்லுக்கு இரண்டு விதமாக வயதாகிறது. சார்ஜ் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கித் தேய்வது ஒன்று. ஷெட்டில் சும்மா நின்றபடியே காலத்தால் தேய்வது இன்னொன்று. நாம் வண்டி வாங்கும்போது முதலாவதைப் பற்றி மட்டுமே விசாரிக்கிறோம். ஆயிரம் சைக்கிள் வரும், இரண்டாயிரம் சைக்கிள் வரும் என்று பதில் கிடைக்கும் (ஒருமுறை ஏற்றி இறக்கினால் ஒரு சைக்கிள்). சொந்தக் கார் ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் சும்மாதானே நிற்கிறது? வெயில் ஊரில் பேட்டரியைத் தின்பது அந்த இருபத்திரண்டு மணி நேரம்தான்.

காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதுபோல், எதிர்முனையில் உள்ள கிராஃபைட் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகும். இது வேண்டிய படலம்தான். இல்லையென்றால் செல்லுக்குள் இருக்கும் மின்பகுளித் திரவம் அங்கேயே சிதைந்துகொண்டிருக்கும். ஆனால் சூடு கூடினால் ஆடை தடிக்கும். தடிக்கத் தடிக்க, ஓடியாட வேண்டிய லித்தியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட லித்தியம் திரும்பி வராது. அணைந்த கோடு திரும்ப எரியாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மாங்கனீசுக்குக் கூடுதலாக ஒரு வியாதியும் உண்டு. மின்பகுளியில் கரைந்துள்ள லித்தியம் உப்பு, உற்பத்தியின்போது தங்கிவிட்ட துளி ஈரத்துடன் சேர்ந்தால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் பிறக்கும். அந்த அமிலம் நேர்முனையிலிருந்து மாங்கனீசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்தது எதிர்முனைக்குப் போய்ப் படிந்து அங்குள்ள ஆடையையும் கெடுக்கும். மிதமான தட்பவெப்பத்தில் இது ஆமை வேகத்தில் நடக்கிற சங்கதி. வேதிவினைகளின் வேகம் வெப்பத்தோடு எப்படிக் கூடும் என்று ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் 1889இலேயே சூத்திரம் கொடுத்துவிட்டார். பட்டறை மொழியில் சொன்னால், 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். 25 டிகிரி ஊரில் பத்து வருடத்தில் நடக்க வேண்டிய சேதத்தை 35 டிகிரியில் ஐந்து வருடத்தில் எதிர்பார்க்கலாம்.

இதோடு முழு சார்ஜும் சேர்ந்தால் இன்னும் மோசம். நூறு விழுக்காடு ஏற்றிய செல் நாண் இழுத்த வில் மாதிரி. அந்த நிலையில் வெயிலில் நிறுத்துவதுபோல் பேட்டரிக்குக் கெடுதல் வேறு அதிகமில்லை. நிசானுக்கு இது தெரியும். ஆரம்பகால லீஃபில் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி இருந்தது. அப்புறம் நடந்ததுதான் வினோதம். அமெரிக்க அரசின் சோதனை முறையில், இந்த வசதி இருக்கிற காரணத்தால் 80க்கும் 100க்கும் இடைப்பட்ட சராசரியை எடுத்து, 2013 மாடல் ஒரு சார்ஜில் 75 மைல் ஓடும் என்று அறிவித்தார்கள். 2014 மாடலில் அமெரிக்காவில் அந்த வசதியையே நிசான் எடுத்துவிட்டது. ஸ்டிக்கரில் 84 மைல் வந்தது. பேட்டரியின் ஆயுளுக்கு உதவிய ஒரு பொத்தான், விற்பனைத் தாளில் ஒரு எண்ணுக்காகப் போனது.

அதே வருடம், வேறு கார்

2010 டிசம்பரிலேயே ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே வோல்ட்டும் கடைக்கு வந்தது. மின் அலகின் பெயரையே காருக்கு வைத்திருந்தார்கள். இதில் 16 கிலோவாட் மணி பேட்டரி, கூடவே ஒரு பெட்ரோல் எஞ்சின். செல்கள் கொரியாவின் எல்ஜி கெம் செய்தவை. அதிலும் நேர்முனை மாங்கனீசுக் குடும்பம்தான். அதாவது வேதியியலில் இரண்டு காரும் பங்காளிகள்.

வளர்த்த விதம் வேறு. வோல்ட்டில் 288 செல்களுக்கு இடையிடையே மெல்லிய அலுமினியத் தகடுகள். அவற்றுக்குள் கூலன்ட் ஓடும். தேவைப்பட்டால் ஏசியின் குளிரை பேட்டரிக்குத் திருப்பும். பிளக்கில் மாட்டி நிறுத்தியிருக்கும்போதும் சூடு அதிகமானால் தானே குளிர்வித்துக்கொள்ளும். இன்னொன்று, 16இல் சுமார் 10.4 கிலோவாட் மணியை மட்டுமே பயன்படுத்தவிட்டார்கள். மேலேயும் கீழேயும் கைபடாத இடம். ஓட்டுநர் முழு சார்ஜ் என்று நினைப்பது உண்மையில் முழு சார்ஜ் இல்லை.

லீஃபுக்கு எழுந்ததுபோல் கொள்ளளவு பற்றிய புகார் அலை வோல்ட்டுக்கு எழவில்லை. ஒதுக்கி வைத்த அந்த மூன்றில் ஒரு பங்கும் தேய்மானத்தை மறைத்திருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பையில் பணம் குறைந்தாலும் பீரோவில் இருந்து எடுத்து வைத்தால் தெரியாது இல்லையா, அப்படி. ஆனாலும் வாகனங்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் ஜியோடேப் நிறுவனம் பின்னாளில் வெளியிட்ட ஒப்பீடும் இதே திசையைத்தான் காட்டியது. கூலன்ட் ஓடும் 2015 டெஸ்லா மாடல் எஸ் ஆண்டுக்குச் சராசரியாக 2.3 விழுக்காடு இழந்தது. கூலன்ட் இல்லாத 2015 லீஃப் 4.2 விழுக்காடு. டெஸ்லாவின் நேர்முனையில் நிக்கல் அதிகம், கொஞ்சம் கோபால்ட். வேதியியலும் வேறு, குளிர்விப்பும் வேறு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். வோல்ட்டோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் சந்தேகம் பெரும்பாலும் நீங்குகிறது.

கோடு பற்றிய சண்டை

2012 ஜூலையில் நிசான் ஏழு கார்களை அரிசோனாவின் காசா கிராண்டேயில் உள்ள தன் சோதனை மையத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தது. பேட்டரிகளில் குறையில்லை, அதிகம் ஓடிய கார்களாதலால் எதிர்பார்த்த அளவில்தான் தேய்ந்திருக்கின்றன என்றது. ஐந்து வருடத்தில் 80 விழுக்காடு மிஞ்சும் என்பது பொதுவான மதிப்பீடு. பீனிக்ஸ் கார்கள் சராசரியாக 76க்குப் போகும் என்றார்கள்.

நான்கு விழுக்காடுதானே வித்தியாசம், இதற்கா இவ்வளவு கூச்சல் என்று தோன்றலாம். சராசரியில் ஒளிந்திருப்பது அதுதான். முதல் வருடங்களில் வேகமாக இறங்கி அப்புறம் நிதானமாவது இந்த செல்களின் குணம். அதுவும் 117 கிலோமீட்டர் என்று அரசுச் சான்று பெற்ற காரில், தினமும் 90 கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு 76 விழுக்காடு என்றால் கடைசி மைலில் ஏசியை அணைத்துவிட்டு வேர்த்து வழிந்து வீடு சேர வேண்டும். பீனிக்ஸில். உரிமையாளர்கள் தாங்களே செப்டம்பரில் பன்னிரண்டு லீஃப்களை ஒன்றாக நிறுத்தி, முழு சார்ஜ் ஏற்றி, ஒரே வேகத்தில், நிற்கும் வரை ஓட்டிப் பார்த்தார்கள். புதுக் கார் 84 மைல் ஓட வேண்டிய பாதையில் சிறந்தது 80 மைலை நெருங்கியது. மோசமானது 60ஐக்கூடத் தொடவில்லை. கோடுகள் சொன்ன இழப்பும் சாலையில் தெரிந்த இழப்பும் சரியாகப் பொருந்தவில்லை என்பதும் இதில் தெரிந்தது. அளவுகோலே கொஞ்சம் அவநம்பிக்கைக்காரன். நிற்கும் வரை வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு ஈடாக ஒரு மீட்டரும் கிடையாது என்று நான் நினைப்பதற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம்.

வழக்கு கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் போனது. 2012 டிசம்பரில் நிசான் இறங்கி வந்தது. ஐந்து வருடம் அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கோட்டுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம், ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் பொருந்தும் என்றது. மின்கார் பேட்டரி வாரண்டி என்றால் அதுவரை செல் பழுது, ஒயரிங் கோளாறு போன்றவைதான். தேய்மானத்துக்கே வாரண்டி என்ற வழக்கம் பெரிய அளவில் இங்கிருந்துதான் பிறந்தது. 2014இல் வெப்பம் தாங்கும் புதிய செல் கலவை வந்தது. பாலைவனப் பிராணியை நினைத்து அதற்குப் பல்லி பேட்டரி என்று பெயர் வைத்தார்கள். வாரண்டி தாண்டியவர்களுக்குப் பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டு 5,499 டாலருக்குப் புதியது மாற்றிக்கொள்ளலாம் என்று விலையும் அறிவித்தார்கள். கூலன்ட் குழாய் மட்டும் அப்போதும் வரவில்லை.

பாலைவனத்தில் அதற்கு முன்பே ஓடியவை

பீனிக்ஸுக்கு மின்கார் புதிதும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1996 டிசம்பரில் ஈவி1 காரை லாஸ் ஏஞ்சலஸ் பக்கமும் பீனிக்ஸ், டூசான் நகரங்களிலும் குத்தகைக்கு விட்டது. முதல் ரகத்தில் 26 லெட் ஆசிட் பேட்டரிகள். எடை அரை டன்னைத் தாண்டும், கொள்ளளவு லீஃபைவிடக் குறைவு. 1859இல் கஸ்தோன் பிளான்டே கண்டுபிடித்த அதே ஈயத் தட்டும் கந்தக அமிலமும்தான்.

லெட் ஆசிட்டை நாம் எல்லோரும் அறிவோம். எஞ்சினை உதைத்துக் கிளப்ப இதைவிட மலிவான, தாராளமான சாமான் இல்லை. தட்டு மெலிசாக, நிறைய இருக்கும்; ஒரு நொடி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தந்துவிட்டு மறுபடி நிறைந்துவிடும். அடிவரை இறக்கினால்தான் கதை முடிகிறது. டவுன் ஆகிக் கிடந்தால் தட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு உட்கார்ந்துகொள்ளும். வட இந்திய நகரங்களில் ஓடும் மின் ரிக்‌ஷாக்காரர்கள் நான்கு லெட் ஆசிட் பேட்டரியைத் தினமும் வற்ற வற்றப் பிழிகிறார்கள். ஒரு வருடம் தாண்டினாலே அவர்களுக்கு அது பெரிய விஷயம். வெயிலும் இதற்கு ஆகாது. தட்டின் சட்டம் அரிக்கும், தண்ணீர் வற்றும், 8 முதல் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் வாய்ப்பாடு. சீல் செய்த ஏஜிஎம் வகையில் கண்ணாடி இழைப் பஞ்சு அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஆட்டத்தையும் அடிக்கடி நின்று கிளம்புவதையும் தாங்கும். ஆனால் வற்றிய தண்ணீரை ஊற்ற வழியில்லை. திறந்து டிஸ்டில்டு வாட்டர் விட்டுப் பழகியவர்களுக்கு அது பிடிப்பதில்லை, நியாயம்தான்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியின் கதை வேறு மாதிரி. தெற்குக் கலிபோர்னியா எடிசன் மின் நிறுவனம் டொயோட்டாவின் ஆர்ஏவி4 மின்காரை முந்நூறுக்கும் மேல் வைத்து ஓட்டியது. சோதனைக்கென எடுத்த ஐந்து கார்கள் ஒரு லட்சம் மைலைத் தாண்டின, அதாவது 1,60,000 கிலோமீட்டர். டொயோட்டாவின் ஹைபிரிட் கார் பிரியஸ் 1997இலிருந்து பல வருடம் பேர் எடுத்ததும் இந்த வகையால்தான். ரகசியம் வேதியியலில் பாதி, கஞ்சத்தனத்தில் பாதி. பிரியஸ் தன் பேட்டரியை ஏறத்தாழ 40க்கும் 80க்கும் நடுவிலேயே வைத்திருக்கும். நிறையவும் விடாது, வற்றவும் விடாது. குளிர்விப்புக்குப் பின் சீட்டின் பக்கத்தில் ஒரு காற்றுத் துளை, பயணிகளின் ஏசி காற்றையே உறிஞ்சும். அந்தத் துளையில் தூசியும் நாய் முடியும் அடைத்து பேட்டரி சூடாகிப் போன பிரியஸ்கள் ஏராளம். இத்தனை பெரிய பொறியியலை ஒரு வீட்டு நாய் தோற்கடித்துவிடும்.

இரண்டாவது கேள்வி

இதுவரை பேசியது உழைப்பு. வோல்ட் ஜெயித்தது, லீஃப் தோற்றது. நம்பகத்துக்கு வந்தால் தீர்ப்பு மாறுகிறது.

2011 மே மாதம் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு வோல்ட்டைப் பக்கவாட்டில் கம்பத்தில் மோதவிட்டுச் சோதித்தது. சோதனையில் கார் நன்றாகவே தேறியது. கொண்டுபோய் யார்டில் நிறுத்தினார்கள். மூன்று வாரம் கழித்து அது தானாகத் தீப்பிடித்தது. மோதலில் பேட்டரி சேதப்பட்டதோடு, கூலன்ட்டும் கசிந்திருந்தது. பேட்டரியை வெயிலிலிருந்து காப்பாற்றிய அதே திரவம் தீக்குத் துணைபோனது. நிறுவனம் பேட்டரியைச் சுற்றி இரும்பைப் பலப்படுத்தியது, கூலன்ட் அளவைக் கவனிக்க ஒரு சென்சார் வைத்தது. 2012 ஜனவரியில் விசாரணை மூடப்பட்டது. சாலையில் ஓடிய எந்த வோல்ட்டுக்கும் அப்படி நேர்ந்ததாக அந்த விசாரணையில் வரவில்லை. ஆனால் குழாய் இல்லையென்றால் ஒழுகாது என்ற நிசானின் வாதம் இந்த இடத்தில் எழுந்து நிற்கிறது.

அதே குடும்பத்தின் அடுத்த கார் செவ்ரலே போல்ட். முழு மின்கார், நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த என்எம்சி செல்கள், கூலன்ட், நல்ல மென்பொருள், எல்லாம் உண்டு. 2021 ஆகஸ்டில், அதுவரை தயாரித்த போல்ட் எல்லாவற்றையும், சுமார் 1,42,000 கார்களை, திரும்ப அழைத்தார்கள். சில செல்களில் எதிர்முனையின் நாக்கு போன்ற இணைப்புத் தகடு கிழிந்திருந்தது, இரு முனைகளையும் பிரிக்கும் தாள் மடிந்திருந்தது. இரண்டு குறையும் ஒரே செல்லில் சேர்ந்து அமைந்தால் தீ. 90 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், மற்ற கார்களிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். கொள்ளளவில் ஒரு குறையும் இல்லாத பேட்டரி. நீடித்து உழைத்திருக்கும். ஆனால் அதை வீட்டு ஷெட்டில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. செலவில் 190 கோடி டாலர் வரை எல்ஜி ஏற்றுக்கொண்டது. அதே வருடம் ஹூண்டாயும் கோனா உள்ளிட்ட மின்வண்டிகளை உலகம் முழுக்க எண்பதாயிரத்துக்கு மேல் திரும்ப அழைத்தது. அதிலும் எல்ஜி செல்கள்தான்.

தேய்மானம் சொல்லிக்கொண்டு வரும். கோடு கோடாக அணையும், பேசலாம், பேரம் செய்யலாம், வழக்கும் போடலாம். உற்பத்திக் குறை சொல்லாமல் வரும். லீஃபின் உரிமையாளர்கள் கோபப்பட்டார்கள். போல்ட்டின் உரிமையாளர்கள் பயந்தார்கள். எனக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் கோபத்தையே எடுத்துக்கொள்வேன்.

நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் நாடெங்கும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பிறகு மத்திய அரசு ஏஐஎஸ் 156 என்ற விதியைத் திருத்தி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. பேட்டரிக்குள் வெப்ப சென்சார்கள், ஒரு செல் எரிந்தால் பக்கத்துச் செல்லுக்குத் தாவாத அமைப்பு, தண்ணீர் புகாத பெட்டி, செல்லின் பூர்வீகம் தெரியும் பதிவு ஆகியவை கட்டாயமாயின. பழைய ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் மாடல் ஆண்டைப் பார்ப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இரும்பு பாஸ்பேட், அப்புறம் மீட்டர்

இன்றைக்கு எல்லோரும் சொல்லும் பெயர் எல்எஃப்பி, லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1990களின் பிற்பாதியில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குடினஃப்பின் ஆய்வுக்கூடத்தில் வந்தது. இதில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். சூடானாலும் எளிதில் விடாது. தீக்கு வேண்டிய ஆக்சிஜன் உள்ளிருந்தே கிடைக்காதபோது என்எம்சி போல் வெறிபிடித்து எரிவதில்லை. எரியவே எரியாது என்று சொல்கிற விற்பனையாளரை நம்ப வேண்டாம், மின்பகுளி எரியக்கூடியதுதான். இரண்டாயிரம், மூவாயிரம் சைக்கிள் சாதாரணமாகத் தாங்கும். கரைவதற்கு மாங்கனீசும் இல்லை. 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்கார் இதே வகைச் செல்லைக் கூலன்ட்டோடு சேர்த்துக்கொண்டது. சீனாவின் பிஒய்டி நிறுவனத்தின் பிளேடு பேட்டரியும் அதே வருடம், அதே வேதியியல். நம் வெயிலுக்கு இந்தச் சேர்க்கைதான் பொருத்தம் என்பது என் கணிப்பு. எடை கொஞ்சம் கூடும், கடுங்குளிரில் சார்ஜ் ஏற மறுக்கும். ஊட்டியில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இரண்டாவது ஒரு பொருட்டில்லை.

எல்எஃப்பியிலும் ஒரு நம்பகச் சிக்கல் உண்டு. இந்தச் செல்லின் வோல்டேஜ் 80லிருந்து 20 விழுக்காடு வரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் படுத்திருக்கும். வோல்டேஜைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்கும் மீட்டருக்கு நடுவில் பிடிமானமே இல்லை. குருடன் தடவுவதுபோல் கணக்குப் போட்டுக்கொண்டே வரும். அதனால்தான் வாரம் ஒருமுறையாவது நூறு விழுக்காடு ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றாமல் விட்டால் 18 விழுக்காடு காட்டிய வண்டி மேம்பாலத்தில் திடீரென்று கைவிரிக்கும். பேட்டரி நூற்றுக்கு நூறு ஆரோக்கியம். நின்றது என்னவோ நின்றதுதான்.

இன்னும் நீடித்து உழைக்க வேண்டுமென்றால் கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் டைட்டனேட் போடலாம். தோஷிபா செய்கிறது, ஹோண்டா 2012இல் ஃபிட் மின்காரில் வைத்தது. பத்தாயிரம் சைக்கிளுக்கு மேல் போகும். விலையும் எடையும் சேர்ந்து அதைச் சில பஸ்களோடும் சிறப்பு வாகனங்களோடும் நிறுத்திவிட்டன.

சொல்ல மறந்த ஒன்று. மின்காரோ பெட்ரோல் காரோ, சாலையில் நின்றுபோகும் காரணங்களில் ஜெர்மனியின் ஏடிஏசி வாகன உதவிச் சங்கத்தின் பட்டியலில் முதலிடம் பிடிப்பது 12 வோல்ட் பேட்டரிதான். லீஃபிலும் ஒரு குட்டி லெட் ஆசிட் பேட்டரி இருக்கிறது, கதவுப் பூட்டுக்கும் கணினிக்கும். அது டவுன் ஆனால் கீழே 300 கிலோ பேட்டரி நிறைய சார்ஜோடு கிடந்தும் கார் உயிர் பெறாது.

நிசான் 2017இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறை லீஃபிலும் கூலன்ட் வைக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஒரே நாளில் இரண்டாவது முறை வேகச் சார்ஜ் போட்டால் சூட்டுக்குப் பயந்து அது சார்ஜை மெதுவாக்கியது, மறுபடி புகார். மூன்றாம் தலைமுறை லீஃப் 2025இல் அறிமுகமானது. பீனிக்ஸ் கோடைக்குப் பதின்மூன்று வருடம் கழித்து, அதில்தான் கூலன்ட் குழாய் வந்தது. பழைய லீஃப்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விலை பேச வருகிறவர்கள் எத்தனை மைல் ஓடியது என்று கேட்பதற்கு முன்பு, கோடு எத்தனை என்று கேட்கிறார்கள்.